ஆறாவது விங்கர் எதற்கு?

என் அணியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் படிப்பதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்குவீர்கள். இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஆடும் கால்பந்து அணி, கோப்பை ஜெயிக்கும் அளவுக்குப் பெரியது என்று அதன் ரசிகர்கள் மட்டும் நம்பிக்கொண்டிருக்கும் அணி. அவ்வளவு தெரிந்தால் போதும். நான் புலம்ப வந்திருப்பது ஆட்டத்தைப் பற்றிக்கூட இல்லை. கோடையில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்று எடுக்கிறார்களே, அந்த முடிவுகளைப் பற்றி. தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எங்கே ஓட்டை என்று ஆகஸ்ட்டிலேயே தெரிந்துகொண்டு, அது ஒழுகுவதை மே மாதம் வரை உட்கார்ந்து பார்ப்பதுதான் கொடுமை.

எங்களிடம் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், அதாவது தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று எதிரணியை மறிப்பவர், என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். முப்பதைத் தாண்டியவர். அதற்கு முந்தைய சீசன்களிலும் தொடைத் தசை இழுத்துப் பல வாரங்கள் வெளியே உட்கார்ந்தவர். ஒப்பந்தம் முடிய ஓராண்டுதான் மிச்சம். இவருக்கு அடுத்து யார் என்பதற்கு நிர்வாகத்திடம் பதில் இருக்கும் என்று நம்பினோம். அந்தக் கோடையில் அவர்கள் பெரிய விலை கொடுத்து ஒரு விங்கரை வாங்கினார்கள். ஓரத்தில் ஓடித் தாக்கும் அந்த வகை ஆட்கள் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். அறிமுக வீடியோ மட்டும் பிரமாதம்: புகை, வெளிச்சம், மெதுவாகத் திரும்பும் முகம். கூரை ஒழுகும் வீட்டின் வாசலுக்குப் புதுச் சாயம் அடித்த மாதிரி.

நவம்பரில் அந்த ஒற்றை ஆள் மறுபடியும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நாங்கள் வாங்கிய கோல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. எதிரணி விங்கர் கோல் கோடு வரை பந்தைக் கொண்டுபோவார். நடுத் தற்காப்பில் நிற்கும் எங்கள் சென்டர் பேக் இருவரும் கோல் கம்பத்தைப் பார்த்துப் பின்னால் ஓடுவார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது. பந்து பின்னோக்கி இழுத்துத் தரப்படும். பெனால்டி பாக்ஸின் விளிம்பில், அந்த அரைவட்டத்துக்குப் பக்கத்தில், எங்கள் சட்டை ஒன்றுகூடத் தெரியாது. எதிரணி மிட்ஃபீல்டர் சாவகாசமாக வந்து, பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, அப்புறம் அடிப்பார். கீப்பர் பாவம்.

"அந்த எடத்துல யாருடா நிக்கணும்?" என்று நண்பன் போனில் கத்துவான்.

"நிக்க வேண்டிய ஆள நாம வாங்கவே இல்லையேடா" என்பேன்.

டிசம்பரில் ஒரு சென்டர் பேக்கை முன்னால் தள்ளி அந்த இடத்தை அடைத்தார்கள். இப்போது பின்னால் ஓர் ஆள் குறைந்தார். அங்கே இடது ஓரத் தற்காப்பாளரான லெஃப்ட் பேக்கை நகர்த்தினார்கள். ஒரு நாற்காலி காலியானதற்கு மூன்று பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். மூன்று பேருமே சரியாக ஆடவில்லை. திட்டு வாங்கியது அவர்கள்தான். ஆறாவது விங்கர் பெஞ்சில் இருந்தார்.

கத்தி அலுத்துப்போன பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஓர் அட்டவணை போட்டது. எந்த அணி ரசிகரும் ஒரு மாலையில் போட்டுவிடலாம். எல்லோரும் ஆட்டக்காரர்களின் பெயரை வரிசையாக எழுதுவார்கள். நான் இடத்தை எழுதினேன்: கோல்கீப்பர், ரைட் பேக், வலது சென்டர் பேக், இடது சென்டர் பேக் என்று பதினொரு வரி. ஒவ்வொரு வரியிலும் முதல் ஆள், இரண்டாவது ஆள், வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, போன சீசனில் ஆடிய நிமிடங்கள். நிமிடங்கள்தான் முக்கியம். எத்தனை கோல், எத்தனை அசிஸ்ட் என்பதெல்லாம் பிறகு. முழு லீக் சீசன் என்பது 38 ஆட்டம், ஆட்டத்துக்கு 90 நிமிடம், மொத்தம் 3,420. அதில் பாதிகூட ஆடாதவரை முதல் ஆள் என்று நம்பியிருக்கும் வரிக்கு, இரண்டாவது ஆள்தான் உண்மையில் முதல் ஆள். ஒரே ஆளின் பெயர் இரண்டு வரிகளில் இரண்டாவது ஆளாக வந்தால் அதையும் வட்டம் போட்டு வையுங்கள். தாளில் 22 பேர் இருப்பது போலத் தெரியும், எண்ணினால் 18 பேர்தான் தேறுவார்கள்.

முப்பது வயது, ஒப்பந்தத்தில் ஓராண்டு, நிமிடங்கள் பாதிக்கும் கீழே, இரண்டாவது ஆள் கட்டம் காலி. இந்த நான்கும் ஒரே வரியில் விழுந்தால் அது துரதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நிர்வாகத்துக்குக் கிடையாது. எங்கள் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் வரி அப்படித்தான் இருந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த சங்கதி என்று நினைத்திருந்தால் வயிறு இன்னும் எரிந்திருக்கும். பெரிய அணிகளே இதில் வழுக்கியிருக்கின்றன. 2019-20 சீசனில் சாம்பியனான லிவர்பூல், அந்தக் கோடையில் தேயான் லோவ்ரனை ஸெனித்துக்கு அனுப்பிவிட்டு அவர் இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. மிஞ்சிய அனுபவசாலி சென்டர் பேக்குகள் மூன்று பேர். அதில் ஜோ கோமஸும் ஜோயல் மாட்டிப்பும் அடிக்கடி காயப்படுகிறவர்கள். அக்டோபரில் எவர்ட்டனுடன் நடந்த ஆட்டத்தில் மூன்றாமவரான வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் கோமஸ், ஜனவரி கடைசியில் மாட்டிப். மிட்ஃபீல்டில் ஆட வேண்டிய ஃபாபின்யோவும் ஹென்டர்சனும் பின்னால் போய் நின்றார்கள். நடுக்களம் காலியானது. சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்த அணி, அதே ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. ஆள் வாங்கி விற்கும் ஜனவரிச் சந்தையின் கடைசி நாளில் அவசரத்துக்கு இரண்டு சென்டர் பேக்குகளைக் கொண்டுவந்தார்கள். அதில் பென் டேவிஸ் என்பவர் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமலே பிறகு கிளம்பினார்.

கடைசியில் நாட் ஃபிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் என்ற அனுபவமில்லாத இரண்டு இளைஞர்கள் பின்னால் நின்று அணியை மூன்றாம் இடத்துக்குக் கரை சேர்த்தார்கள். இதில் பாடம் என்ன என்று நானும் நண்பனும் இன்னும் சண்டை போடுகிறோம். இளசுகளை முதலிலேயே நம்பியிருந்தால் மிட்ஃபீல்டாவது கலையாமல் இருந்திருக்கும் என்பது என் கட்சி. ஓட்டை விழுந்த இடத்தை அந்த இடத்து ஆளைக்கொண்டே அடைக்க வேண்டும், அவர் சுமாரானவராக இருந்தாலும். நல்ல ஆளை நகர்த்தினால் ஓட்டை இரண்டாகும்.

லெஸ்டர் கதை இன்னும் பரிதாபம். 2016-ல் உலகமே வாயைப் பிளக்க சாம்பியன் ஆனவர்கள். பிரான்சின் கான் அணியிலிருந்து கான்டே, ல ஹாவ்ரிலிருந்து மாஹ்ரெஸ் என்று யாரும் திரும்பிப் பார்க்காத இடங்களில் ஆள் பிடித்தவர்கள். 2021-ல் எஃப்ஏ கோப்பையும் கையில். அப்படிப்பட்டவர்கள் 2022 கோடையில், சாம்பியன் அணியின் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் நீஸுக்குப் போனபோது, அவர் இடத்துக்குத் தகுந்த ஒருவரை வாங்காமல், பெஞ்சில் இருந்த டேனி வார்டை நிறுத்தினார்கள். எஃப்ஏ கோப்பை இறுதியில் வெற்றி கோல் அடித்த டீலமான்ஸின் ஒப்பந்தம் கடைசி ஆண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவரை விற்கவும் இல்லை, தக்கவைக்கவும் முடியவில்லை. 2023-ல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, அவர் காசு இல்லாமல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார்.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இந்த இடம்தான். ரசிகர்கள் நாம் யாரை வாங்கினார்கள் என்று பார்த்தே குமுறுகிறோம். அணிகள் நாசமாவது பெரும்பாலும் யாரை, எப்போது விற்கவில்லை என்பதில். ஒப்பந்தத்தில் மூன்றாண்டு இருக்கும் ஆளை விற்றால் நாம் விலை சொல்லலாம். இரண்டாண்டு இருக்கும்போது பேசியே ஆக வேண்டும்: நீட்டிப்பா, விற்பனையா? ஓராண்டு என்றால் வாங்குகிறவன் வைத்ததுதான் விலை. கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டு அணிகள் அவரிடமே நேராகப் பேசி முன் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மான்செஸ்டர் யுனைட்டட் பால் போக்பாவை 2012-ல் கிட்டத்தட்டச் சும்மா யுவென்டஸுக்கு விட்டது, 2016-ல் அதே ஆளை 8.9 கோடி பவுண்ட் கொடுத்துத் திரும்ப வாங்கியது, 2022-ல் மறுபடியும் சும்மா அதே யுவென்டஸுக்கு விட்டது. இதைவிடச் சுருக்கமாக இந்தப் பாடத்தை யாரும் நடத்திவிட முடியாது.

விற்றாலும் போதாது, விற்பதற்கு முன்பே அடுத்த ஆள் கையில் இருக்க வேண்டும். பிரைட்டனைப் பார்த்துப் பொறாமைப்படாத மற்ற அணி ரசிகர் இல்லை. மொய்சேஸ் கைசேடோவை 2021-ல் ஈக்வடாரிலிருந்து மிகச் சிறிய தொகைக்குக் கொண்டுவந்தார்கள், கொஞ்ச நாள் பெல்ஜியத்துக்கு லோனில் அனுப்பினார்கள், 2023-ல் செல்சிக்கு 10 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். வாங்கும்போதே விற்கும் ஆண்டும் அவர்கள் மனதில் இருக்கும் போல. எங்கள் அணி ஆளை விற்றுவிட்டுத்தான் மாற்று ஆள் தேடக் கிளம்பும். பை நிறையப் பணத்தோடு ஆகஸ்ட் கடைசியில் வந்து நிற்பவனைப் பார்த்தால் எதிராளி விலையை ஏற்றத்தானே செய்வான்?

சரி, நிர்வாகம் செய்வதெல்லாமே முட்டாள்தனமா என்றால், அதுவும் கிடையாது. கணக்கு தெரியாமல் திட்டினால் பாதித் திட்டு வீண். ஒரு ஆட்டக்காரரை 5 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் அது ஆண்டுக்கு 1 கோடி செலவாகப் பிரியும். இரண்டு ஆண்டு கழித்துப் புத்தக மதிப்பு 3 கோடி. அப்போது அவரை 2 கோடிக்கு விற்றால் அந்த ஆண்டு 1 கோடி நட்டம் காட்ட வேண்டும். ஆடாத ஆளை ஏன் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட மாட்டேன் என்கிறார்கள் என்று பல ஆண்டுகள் எனக்குப் புரியாமல் இருந்ததற்கு விடை இதுதான். அதற்கு மேல், இங்கே வாங்கும் வாரச் சம்பளத்தை வேறெந்த அணியும் தராது என்றால் அவரும் நகர மாட்டார். ஒப்பந்தம் இருக்கும் வரை உட்கார்ந்து வாங்குவது அவர் உரிமை, அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. அந்தச் சம்பளத்தை ஒத்துக்கொண்டது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

இதே கணக்கின் இன்னொரு முகம் வயிற்றெரிச்சலானது. அணியின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். விற்றால் வரும் தொகை முழுக்க அந்த ஆண்டின் லாபம். அதனால்தான் செல்சி, மேசன் மவுன்ட்டை 2023-ல் யுனைட்டடுக்கும் கோனர் கேலகரை 2024-ல் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கும் விற்றது கணக்கில் இனித்தது. எட்டு வயதிலிருந்து அதே சட்டையைப் போட்டவனை விற்று, யாரென்றே தெரியாதவனை வாங்குவது ரசிகனுக்குத் துரோகம், கணக்காளருக்கு நல்ல நாள்.

நீண்ட ஒப்பந்தம் போட்டு ஆண்டுச் செலவைக் குறைத்துக் காட்டும் வித்தையையும் செல்சிக்காரர்கள் செய்து பார்த்தார்கள். முட்ரிக், என்சோ ஃபெர்னான்டஸ் இருவருக்கும் 2023 ஜனவரியில் எட்டரை ஆண்டு. என்சோவுக்கு மட்டும் 10 கோடி பவுண்டுக்கு மேல். அந்த சீசனில் அணி 12-ம் இடம். பிறகு ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஇஎஃப்ஏ, எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் விலையை ஐந்தாண்டுக்குள்தான் பிரிக்கலாம் என்று கதவைச் சாத்தியது. 2023 டிசம்பரில் பிரீமியர் லீகும் அதையே எடுத்துக்கொண்டது.

தேதிகூட வினையாகும். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், பிரென்னன் ஜான்சனை 2023 ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் வரவு வந்திருக்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். விலை கூடியது, கணக்கு ஆண்டு தாண்டிப்போனது, அணிகள் எவ்வளவு நட்டம் காட்டலாம் என்று லீக் வைத்த லாப நட்ட விதியை மீறியதாக நான்கு புள்ளிகள் வெட்டப்பட்டன. அதே சீசனில் எவர்ட்டனுக்கு இரண்டு வழக்குகளில் மொத்தம் எட்டு. ஜூன் மாதக் கடைசி வாரத்தில் திடீரென்று பையன்கள் விற்கப்படும் செய்திகள் குவிந்தால் ஏன் என்று இப்போது தெரிகிறதா?

அதனால் நான் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது பணமில்லாததால் வந்த ஓட்டையா, பணம் இருந்தும் வேறு இடத்தில் கொட்டியதால் வந்த ஓட்டையா? முதலாவது என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஆறாவது விங்கருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு நடுத்தர டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும் அவருக்கு ஒரு துணையும் வந்திருப்பார்கள். அதை எந்தக் கணக்குப் புத்தகமும் நியாயப்படுத்தாது.

ஆள் வாங்கும் சந்தை மூடும் கடைசி நாள் கூத்தை நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மைதானத்துக்கு வெளியே நிருபர் நிற்பார், கார் கண்ணாடிக்குள் ஒரு தொப்பி தெரியும், நாம் நகம் கடிப்போம். அன்று இரவே மதிப்பெண் போடும் பழக்கமும் போய்விட்டது. கோல் பால்மரை 2023-ல் கடைசி நாளில் 4 கோடி பவுண்டுக்கு செல்சி வாங்கியபோது அதிகம் ஆடியிராத பையனுக்கு இவ்வளவா என்று நானே உதட்டைப் பிதுக்கினேன். அந்த சீசனில் லீகில் மட்டும் 22 கோல். ஆனால் ஒரு பால்மரைக் காட்டி எல்லாக் கடைசி நாள் கொள்முதலையும் நியாயப்படுத்துகிறவர்களிடம் பேசிப் பயனில்லை. எங்கள் அணி கடைசி நாளில் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேரின் முகம் எனக்கு நினைவில்லை.

வதந்திகளுக்கும் ஒரு வடிகட்டி உண்டு. செய்தியில் விலை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஏஜென்ட்டின் கைவேலை. நம் ஆளின் ஒப்பந்தப் பேச்சு நடக்கும் வாரத்தில் ரியல் மாட்ரிட் கேட்கிறது என்று செய்தி வந்தால் சம்பளப் பேரம் சூடாகிறது என்று பொருள். மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள் என்றால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

பெயர் அச்சிட்ட ஜெர்சி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆளின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். ஓராண்டு என்றால் வெறும் சட்டை வாங்குங்கள். என் அலமாரியில் எதிரணிக்குப் போன இரண்டு பேரின் பெயர் தொங்குகிறது. அவற்றை அணியவும் மனம் வரவில்லை, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை.

இந்த ஆண்டு அட்டவணையை மறுபடி போட்டேன். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் வரி ஒருவழியாக நிரம்பியிருக்கிறது. புதிதாக வந்தவருக்கு 23 வயது, நான்காண்டு ஒப்பந்தம், பெரிய வீடியோ எதுவும் இல்லை. இப்போது சிவப்பில் இருப்பது லெஃப்ட் பேக் வரி. முதல் ஆளின் ஒப்பந்தம் அடுத்த ஜூனில் முடிகிறது, இரண்டாவது ஆளாக எழுதியிருக்கும் பெயர் சென்டர் பேக் வரியிலும் இருக்கிறது. நண்பனுக்கு இதெல்லாம் காதில் ஏறுவதில்லை. அவனுக்கு ஸ்ட்ரைக்கர் வேண்டும். "லெஃப்ட் பேக்குக்காக யாருடா ராத்திரி முழிச்சிருந்து டிவி பாப்பான்?" என்கிறான். சந்தை மூடியதும் லீகுக்கு 25 பேர் பட்டியல் கொடுப்பார்கள். அதில் உள்நாட்டில் பயிற்சி பெறாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, 21 வயதுக்குட்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. எங்களிடம் அந்த 17 இடங்களும் இப்போதே நிரம்பிவிட்டன. அவன் கேட்கும் ஸ்ட்ரைக்கர் வெளிநாட்டுக்காரர். அவர் வர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் போக வேண்டும், விங்கர்களில் ஒருவர் போனால் எனக்குப் பரம சந்தோஷம்.